ஊருக்கு ஒரு கார்டு

வியாழக்கிழமை மூன்று மணி பஸ்ஸுக்குச் செய்தி போயாக வேண்டும். தவறினால் அந்த வாரம் ‘கீழ்க்காற்று’ பத்திரிகையில் பாகூர் என்று ஓர் ஊரே இராது. அதனால் இரண்டே முக்காலுக்கெல்லாம் ஆதிமூலம் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டே கடைத்தெருவுக்கு ஓடுவான். கையில் நீளக் கவர். கண்டக்டர் செல்லப்பன் அதை வாங்கித் தோல்பையில் செருகிக்கொண்டு, “இன்னா நிருபரே, இந்த வாரம் யாரப் புடிச்சி வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கே?” என்று கேட்பான்.

“பேப்பரு வந்தாப் பாத்துக்கோயேன்” என்பான் ஆதிமூலம். அதற்கு மேல் சொல்ல அவனுக்கே முழுதாகத் தெரியாது என்பதுதான் விஷயம். கவருக்குள் இருப்பதை எழுதியவள் அவன் பெண்டாட்டி தனக்கொடி.

இதில் ஏமாற்று வேலை ஒன்றும் கிடையாது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறு வருடம், ஏரியின் கடைக்கோடி மதகில் பலகை உளுத்துப்போய்த் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. தனக்கொடி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தெருவில் யாருக்குக் கடிதம் வேண்டுமானாலும் அவள்தான் எழுதிக் கொடுப்பாள். புதுச்சேரியில் புதிதாக ஆரம்பித்திருந்த அந்த வாரப் பத்திரிகைக்குப் பலகையைப் பற்றி ஒரு கடிதம் போட்டாள். வீட்டிலிருந்து போகிற கடிதத்துக்கு வீட்டுக்காரன் பெயரைத்தானே அடியில் எழுதுவது வழக்கம்? ‘இப்படிக்கு, ஆதிமூலம், பாகூர்’ என்று முடித்தாள். கடிதம் அச்சாகிப் பத்து நாளில் பலகையை மாற்றினார்கள். பத்திரிகைக்காரர்கள் இன்னும் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அடுத்த கடிதம் ‘எமது பாகூர் நிருபர் ஆதிமூலம்’ என்ற தலைப்போடு வந்தது. இருவரும் அதை நடுவீட்டில் விரித்துவைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதே ஒரு வரி எழுதித் திருத்தியிருக்கலாம். சிரிப்பிலேயே நாலு வருடம் ஓடிவிட்டது.

வேலையும் இரண்டு பேர் வேலைதான். மகளைத் திருக்கனூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே. தனக்கொடி நடவுக்கும் களைக்கும் போகிற இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்திருப்பாள். பதினைந்து பெண்கள் வரிசையாகச் சேற்றில் நின்று நடும்போது ஊரில் மறைந்து கிடக்க எதுவும் இல்லை. எந்தக் கிணறு உப்பாகிவிட்டது, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வருவதே இல்லை, எந்த ஆஸ்பத்திரியில் மருந்துக்குப் பதில் வசவு கிடைக்கிறது, எல்லாம் அங்கே வரும். ஆண்கள் பக்கத்துச் செய்தி ஆதிமூலத்தின் பொறுப்பு. பஞ்சாயத்து மாதிரியான கொம்யூன் ஆபீசை ஊரார் இன்னும் பிரெஞ்சுப் பெயரில் மேரி என்றுதான் சொன்னார்கள். அங்கே கூட்டம் நடந்தால் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டு வருவான். வந்ததும் கூழைக் கரைத்துக் கையில் கொடுத்துவிட்டு அவள் விசாரணையை ஆரம்பிப்பாள்.

“பெரிய சண்ட, தனம். அடிச்சிக்காத கொறதான்.”

“யாரு யாரு?”

“எல்லாரும்தான்.”

“எல்லாருக்கும் பேரு இல்லியா? மொதல்ல எழுந்தது யாரு? நீ பாத்தியா, எவனாச்சும் சொன்னானா?”

“எவனோ சொன்னான்.”

“அப்ப அத்த வுடு. பாத்தத மட்டும் சொல்லு.”

இப்படிப் பாதியாகக் குறைத்த பிறகுதான் பேனா மூடியைத் திறப்பாள். தான் சுமந்துவந்த சண்டைகள் இப்படி அநியாயமாகச் செத்துப்போவதில் ஆதிமூலத்துக்கு வருத்தம் உண்டு. ஆனால் செய்தி அச்சில் வந்ததும் டீக்கடையில் பெரிய பண்ணைக் கலியபெருமாளே, “வா நிருபரே, குந்து” என்று நகர்ந்து இடம் விடும்போது அந்த வருத்தம் போன இடம் தெரியாது. ஒன்றரைக் காணி நிலம் வைத்திருக்கிறவனுக்கு அந்த இடம் வேறு எப்படிக் கிடைக்கும்?

அந்தத் தை மாதம்தான் வினை வந்தது. நவரைப் பட்ட நடவுக்கு ஏரி மதகை என்றைக்குத் திறப்பது என்று மேரியில் கூட்டம். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி என்று தலைவர் சொன்னது காதில் விழுந்ததும், ஆதிமூலம் ஜன்னலை விட்டு நகர்ந்து டீ குடிக்கப் போய்விட்டான். அவன் போன பிறகு, கரை வேலை முடியவில்லை என்று ஒருவர் எழுந்து, பேச்சு வளர்ந்து, தேதி இருபதுக்குப் போய்விட்டது. ‘கீழ்க்காற்று’ ஐந்து என்றே போட்டது. அதை நம்பிக் கடைமடையில் பதினொரு வீட்டார் நாற்றங்காலில் விதை விட்டுவிட்டார்கள். ஐந்தாம் தேதி வாய்க்காலில் ஓணான் ஓடியது.

பதினொரு வீட்டுப் பெண்களும் ஏரியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து நாற்றுக்கு ஊற்றினார்கள். தனக்கொடியின் நாற்றங்கால் அதில் இல்லை. ஆனாலும் பதினைந்து நாளும் அவளும் சுமந்தாள். தோள் வீங்கி வந்து சுவரில் சாய்ந்தவளுக்கு ஆதிமூலம் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டான். “கூட்டம் முடிஞ்சிதான்னு நான் ஒரு வார்த்த கேக்கல பாரு” என்றாள் அவள். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்தச் சமயத்தில் நிருபர் சங்கத்துக் கடிதம் வந்தது. ஊர் ஊராகச் செய்தி எழுதுகிறவர்களைச் சேர்த்துச் சங்கம் அமைக்கப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் பள்ளிக்கூடத்தில் முதல் கூட்டம். ஊருக்கு ஒருவருக்கு முத்திரை குத்திய கார்டு. கார்டு உள்ளவருக்கு மேரிக் கூட்டத்தில் உள்ளேயே பெஞ்சு போடுவார்களாம். கடிதம் ஆதிமூலத்தின் பெயருக்கு வந்திருந்தது.

தனக்கொடி அதை மூன்று தரம் படித்தாள். “உள்ள பெஞ்சாம்யா” என்றாள். “மொதல்லேருந்து கடேசி வரிக்கும் குந்திக் கேக்கலாம்.”

யார் உட்காருவது என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சில் சட்டை கசங்காமல் தான் உட்கார்ந்திருப்பதை அவன் ஏற்கெனவே ஒரு தரம் மனசுக்குள் பார்த்துவிட்டிருந்தான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அமுதம் வந்து இறங்கினாள். வில்லியனூர்ப் பெண்கள் பள்ளியில் டீச்சர். ‘கீழ்க்காற்று’ பத்திரிகையின் மாதர் பகுதியில் சொந்தப் பெயரிலேயே எழுதுகிறவள். இரண்டு வருடத்துக்கு முன் ‘பாகூர் ஆதிமூலம் அவர்கள் வீட்டில் எழுதுகிறவருக்கு’ என்று விலாசம் போட்டு ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். நடவில் குனிந்தால் இடுப்பு எந்த இடத்தில் வலிக்கும் என்று எந்த ஆம்பளை எழுதுவான் என்று அதில் கேட்டிருந்தாள். அன்றிலிருந்து இரண்டு பெண்களும் அக்கா தங்கைபோல ஆகிவிட்டார்கள்.

தனக்கொடி ஏரி விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அமுதம் கேட்காமலே அம்மி முன்னால் உட்கார்ந்து மிளகாய் அரைக்க ஆரம்பித்தாள். ஆதிமூலம் வாசற்படி ஓரம் குந்தி விதை மல்லாட்டை உரித்தான். வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வெளியே மாசி வெயில் இளசாகக் காய்ந்தது.

“சங்கத்துக்குச் செயலாளரு சிவப்பிரகாசம் ஐயாதான். அவுரே சொன்னாருக்கா. மாதர் பிரிவுன்னு தனியா வச்சிக்குங்க, தலைவி, செயலாளரு எல்லாம் நீங்களே, நாங்க தலையிட மாட்டோம்னாரு. நானு, நீங்க, திருக்கனூரு நர்ஸம்மா வள்ளியம்மாள். மூணு பேரு ஆச்சி.”

“அவுங்களோட ஒண்ணா குந்துனா இன்னாவாம்?”

“குந்திப் பாத்துட்டேங்கா. போன வருசம் பூரா புதுச்சேரியில பத்திரிகை ஆபீசு மாடியில அவங்க கூடுறப்பல்லாம் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிப்பாங்க. எனக்கு ஏழு மணிக்குக் கடேசி பஸ்ஸு. பாதியில எழுந்து வரணும். ஒரு நாளு ஒரு விஷயம் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். ‘டீச்சர், உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம், கீழ போயி எல்லாருக்கும் காப்பி சொல்லிட்டு வாங்க’ன்னாரு ஒருத்தரு. முப்பது பேரு சிரிச்சாங்க.”

மீன் கழுவிய கை நின்றது. “நீ இன்னா பண்ணே?”

“போயிச் சொல்லிட்டு வந்தேன். முப்பது காப்பி.” அமுதம் அம்மிக் கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “அத நெனச்சா இப்பவும் சோறு எறங்க மாட்டேங்குது. நாம மூணு பேரு தனியா குந்துனா, ஆரம்பிச்ச பேச்சை முடிக்கவாச்சும் முடியுமில்ல?”

தனக்கொடி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் முதுகைத் தடவினாள். “பேச்ச முடிக்கலாம் கண்ணு. மேரியில பெஞ்சு?” என்றாள்.

“மாதர் பிரிவுக்குத் தனிக் கார்டு குடுப்பாங்க. பள்ளிக்கூட விழா, கொழந்த வளப்பு, ஆஸ்பத்திரி…”

“ஏரி?”

“ஏரிக் கூட்டத்துக்குப் பொதுக் கார்டு வச்சிருக்கறவங்கதான் போவலாம்.”

“எனக்கு ஏரி வோணும் அமுதம். தேதி மாறிப்போயி கொடம் தூக்குனது இன்னா ஆம்பளைங்களா? கொழந்த வளப்பு எழுத வாணாங்கல. அதுக்குப் பக்கத்துல ஏரியும் எழுதணும்.”

“முப்பது பேரு நடுவுல மூணு பேரு இன்னாக்கா பண்ண முடியும்?”

“மூணு பேரும் தனியாப் போயிட்டா முப்பது பேருக்கும் நிம்மதியாயிடும்டி.”

இரண்டு பேரும் சொல்வது ஆதிமூலத்துக்குச் சரியாகவே பட்டது. ஆனால் அமுதம் சொன்னதில் அவனுக்கு வேறொரு சௌகரியமும் தெரிந்தது. தெரிந்ததோடு வாயை மூடிக்கொண்டு மல்லாட்டையை உரித்திருக்கலாம்.

“நான் ஒண்ணு சொல்றேன். தனியா வச்சிக்கறதுதான் நல்லது” என்றான். “பாகூருக்குப் பொதுக் கார்டு ஒண்ணு, மாதர் கார்டு ஒண்ணு. நம்ம வூட்டுக்கு ரெண்டாச்சி பாரு.”

தனக்கொடி திரும்பினாள். “பொதுக் கார்டு யாருக்கு?”

“கடுதாசி என் பேருக்குத்தான வந்துகீது…”

அமுதம் குழவியை நிறுத்திவிட்டாள். தனக்கொடி அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. “ஒல கொதிக்குது” என்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வழக்கம்போல விரால் தலை அவன் தட்டில்தான் விழுந்தது. அதை அவனால் பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை.

அமுதத்தை நாலு மணி பஸ் ஏற்றிவிட்டு இருவரும் ஏரிக்கரை வழியாகத் திரும்பினார்கள். தண்ணீர் கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடந்தது. நாரைகள் ஓரத்துச் சேற்றில் மேய்ந்தன. மாட்டுக்குப் புல் அறுக்கலாம் என்று தனக்கொடி சரிவில் இறங்கினாள். அவனும் இறங்கினான்.

“கோவமா தனம்?”

“கோவம் இன்னா கோவம்.” அவள் கை புல்லை அறுத்துக்கொண்டே இருந்தது. “நீ டீக்கடையில குந்தியிருக்கறத நடவுக்குப் போறப்ப வழியில பாப்பேன். நல்லா நிமிந்து குந்தியிருப்ப. எனக்கு ஆசயா இருக்கும். அதனாலதான் நாலு வருசமா அந்தப் பேரத் திருத்தி எழுதல. இப்ப எனக்கும் ஒரு எடத்துல குந்தணும்னு ஆசயா இருக்குது. அவ்ளோதான்யா.”

ஆதிமூலத்துக்கு அப்போதுதான் புரிந்தது. தான் தற்செயலாகப் பெற்றதாக நினைத்திருந்ததை அவள் தெரிந்தே கொடுத்துவைத்திருக்கிறாள். புல்கட்டைத் தலைக்குத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை புளிச்சோற்றைத் தூக்கில் அடைத்துக்கொண்டு, புதுச்சேரியில் பஸ் மாறி, இருவரும் வில்லியனூர் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய வகுப்பறையில் முப்பது ஆண்கள். கதவோரத்துப் பெஞ்சில் அமுதமும் நர்ஸ் வள்ளியம்மாளும்; தனக்கொடியும் அங்கே போய் உட்கார்ந்தாள். அடுத்த அறைக் கதவில் சாக்கட்டியால் ‘மாதர் பிரிவு’ என்று அழகாக எழுதி, உள்ளே மூன்று நாற்காலி போட்டு, தட்டில் கதம்பமும் சந்தனமும் வைத்திருந்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை.

சிவப்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பெயர் கூப்பிட்டார். “பாகூர், ஆதிமூலம்” என்றதும் ஆதிமூலம் எழுந்தான். கூடவே திருபுவனை நிருபர் உலகநாதனும் எழுந்தார்.

“செயலாளர் அவர்களே, மதகுத் தேதிய மாத்திப் போட்ட ஆளுதான இவுரு? பதினோரு வூட்டு நாத்து காஞ்சிது. இவுருக்குக் கார்டு குடுத்தா நாளைக்கு நம்மள எவன் நம்புவான்?”

எல்லாத் தலையும் திரும்பியது. ஆதிமூலத்துக்குக் காது சூடாயிற்று. எழுதியது நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையைச் சொன்னால் முப்பது பேர் பார்வையும் நேராகக் கதவோரத்துப் பெஞ்சுக்குத்தான் போகும்.

“தப்பு என்னுதுதாங்க” என்றான். “கூட்டம் முடியறதுக்குள்ள டீ குடிக்கப் போயிட்டேன்.”

“அவுரு கேட்டுக்கினு வந்து சொன்னாரு. எழுதுனது நானு.” பின்னால் தனக்கொடியின் குரல். அவள் எழுந்து நின்றிருந்தாள். முந்தானை நுனியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “நாலு வருசமா பாகூருச் செய்தி எழுதறது நான்தாங்க. முடிஞ்சிதான்னு கேட்டு எழுதியிருக்கணும். கேக்கல. அதனால எழுதுனவ தப்பு அது. நாத்துக்குத் தண்ணி தூக்கி ஊத்திட்டோம், பொழச்சிக்கிச்சி. ஆனாலும் தப்பு தப்புதான்.”

அறையில் சளசளவென்று பேச்சு கிளம்பியது. சிவப்பிரகாசம் மேசையைத் தட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டுப்போய், “அம்மா, இவ்வளவு நாளா நீங்கதானா? ரொம்பப் பெருமை. மாதர் பிரிவுல உங்களுக்கு மொதல் கார்டு. அந்த அறையில…” என்று கையைக் காட்டினார்.

“ஐயா, தப்பு எழுதுனதுக்கு இந்த ரூம்புல எல்லாரு முன்னாலயும் நிக்க வச்சிக் கேக்குறீங்க. நானும் பதில் சொல்லிட்டேன். கார்டு மட்டும் அந்த ரூம்புலயா?”

யாரும் சிரிக்கவில்லை. உலகநாதன்தான் முதலில் தலையை ஆட்டினார். “அந்தம்மா கேக்கறது நாயந்தான்” என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அமுதமும் எழுந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “நாங்க மூணு பேரும் மாசம் ஒருக்கா தனியாவும் கூடுவோம். எங்களுக்குப் பேச விஷயம் இருக்குது. ஆனா கார்டு இங்கதான் வேணும். கூட்டத்த மத்தியானம் வையுங்க, ஏழு மணிக்கு எங்களுக்குப் பஸ்ஸு. காப்பி அவங்கவங்க போயிச் சொல்லிக்கலாம்.”

பின்வரிசையில் ஒருவர் தலை குனிந்துகொண்டார். தனக்கொடி அமுதத்தின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“எல்லாம் சரி” என்றார் சிவப்பிரகாசம் சங்கடத்தோடு. “விதி ஊருக்கு ஒரு கார்டுன்னு இருக்கு. பாகூருக்கு ரெண்டு பேரு நிக்கிறீங்க. ஆதிமூலம், நீங்கதான் சொல்லணும்.”

ஆதிமூலத்துக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. கலியபெருமாள் இனிமேல் நகர்ந்து இடம் விடுவாரா என்று தெரியாது. விடமாட்டார் என்றுதான் தோன்றியது. அது வலிக்கத்தான் செய்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை.

“எனக்கு வாணாங்க” என்றான். “தனத்துக்கே குடுத்துடுங்க.”

கார்டு எழுதுகிற மேசையை வராந்தாவில் போட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த மணவாளன் என்ற குமாஸ்தாவுக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்துக்கொண்டு கேட்டார்.

“பேரு?”

“தனக்கொடி.”

“ஊரு?”

“பாகூரு.”

“வீட்டுக்காரர் பேரு?”

முப்பது ஆண்களுக்கு நடுவே நின்று பேசிய வாய் சட்டென்று மூடிக்கொண்டது. கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்தப் பெயரை எத்தனையோ காகிதத்தின் அடியில் அவள் எழுதியிருக்கிறாள். ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொல்கிற பழக்கம் அந்த ஊர்ப் பெண்கள் யாருக்கும் இல்லை. அமுதத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நான் சொல்லட்டாக்கா?” என்றாள். தனக்கொடி வேண்டாமென்று தலையசைத்துவிட்டு முகம் சிவந்துபோய் அவனைத் தேடினாள்.

ஆதிமூலம் சோற்றுத் தூக்கோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். “ஆதிமூலம்னு எழுதிக்குங்க” என்றான்.

மணவாளன் நிமிர்ந்து பார்த்தார். “பாகூர் ஆதிமூலமா? படிச்சிருக்கேனே. நிருபர்தான நீங்க?”

“இல்லீங்க. நிருபரு அவுங்க” என்றான் ஆதிமூலம், வராந்தாவில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படியாக. “நான் அவுங்க வூட்டுக்காரன்.”